சிரட்டையில் கரைத்த நீலம்

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் ஓவிய ஆசிரியர்களுக்கு நாலு வார்த்தை எழுதித் தரும்படி கேட்டிருக்கிறீர்கள். கோடு போடுவது, நிறம் கலப்பது பற்றியெல்லாம் நான் எழுதப் போவதில்லை. அதைப் பயிற்சிப் பள்ளியில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். மறந்திருந்தால் புத்தகத்தைப் புரட்டுங்கள். ஒரு பிள்ளை வகுப்புத் தரையில் சுருண்டு கிடக்கும்போது டீச்சர் என்ன செய்ய வேண்டும் என்பதைப் பற்றி எழுதுகிறேன். படம் வரைகிற வகுப்பில் பிள்ளை ஏன் சுருண்டு விழப் போகிறது என்று சிரிக்காதீர்கள். நானும் அப்படி நினைத்துக்கொண்டுதான் வேலையில் சேர்ந்தேன்.

ஐம்பதுகளில், போடியில், ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை இருந்த ஒரு பள்ளி. எல்லா வகுப்புக்கும் ஒரே டிராயிங் டீச்சர், அது நான். ஊர்க்காரிதான். என் அப்பா கடைத்தெருவில் மளிகையும் நாட்டு மருந்தும் விற்றார். மதுரைக்குப் போய்ப் படம் போடப் படித்துவிட்டு வந்த பெண் என்பதால் ஊரில் என்னை ஒரு வேடிக்கையாகத்தான் பார்த்தார்கள். பள்ளியிலும் அதே கதைதான். கணக்குப் பாடம் முடியவில்லையா, டிராயிங் வகுப்பை எடுத்துக்கொள். பரீட்சை வருகிறதா, டிராயிங் வகுப்பை எடுத்துக்கொள். என் பாடவேளை எல்லா வாத்தியார்களுக்கும் மேய்ச்சல் புறம்போக்காக இருந்தது. உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும். சண்டை போடுங்கள். நான் போட்டேன், பாதிதான் ஜெயித்தேன்.

பிள்ளைகள் விஷயம் வேறு. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை அப்பாவைப் பனைமரத்தைவிட உயரமாகப் போடும். நாலாம் வகுப்பில் அப்பா வீட்டு வாசல் அளவுக்கு வந்துவிடுவார். எட்டாம் வகுப்பில் படத்திலேயே இருக்க மாட்டார். ஒரு பிள்ளையை எட்டு வருஷம் பார்த்துக்கொண்டே இருக்கிற வாய்ப்பு பள்ளியில் வேறு எந்த ஆசிரியருக்கும் கிடைக்காது. அதை இந்த வேலையின் சம்பளத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்கு வண்ணப்பெட்டி கிடையாது, தூரிகையும் கிடையாது. வெள்ளிக்கிழமை மதியம் நிறம் கொண்டுவருகிற நாள். எனக்கு முன்னால் இருந்தவர் காலத்திலிருந்தே அந்த வழக்கம் இருந்தது. ஆளுக்கு ஒரு நிறம் வீட்டிலிருந்து வர வேண்டும். செங்கல் பொடி, அடுப்புக்கரி, மஞ்சள், அவரை இலைச் சாறு, காப்பித் தண்ணீர், யாராவது ஒருத்தி பாட்டியின் வெற்றிலைப் பெட்டியில் கைவைத்துக் கொண்டுவந்த சுண்ணாம்பு. எல்லாவற்றையும் தேங்காய்ச் சிரட்டையில் கரைத்துக்கொள்வார்கள். தூரிகைக்கு வேப்பங்குச்சி. பல் விளக்குவதற்கு மெல்லுகிற மாதிரி நுனியை மென்று நார் நாராக்கினால் தூரிகை தயார். நார் கலைந்தால் மறுபடி வாயில் வைத்து ஒன்று சேர்ப்பார்கள். அதில் யாரும் தப்புக் கண்டதில்லை. மதுரையில் எனக்குக் கற்றுக்கொடுத்த வாத்தியாரே அணில் மயிர்த் தூரிகையை நாக்கில் ஒரு தடவை தொடாமல் காகிதத்தில் வைக்க மாட்டார். “நாக்குப் படாத தூரிகைக்கு நுனி கிடையாது” என்பார். அவர் நாக்கு எப்போதும் ஏதாவது ஒரு நிறத்தில்தான் இருக்கும்.

எங்களிடம் இல்லாத நிறம் நீலம். சலவைக்குப் போடுகிற நீலம் சில கடைக்காரப் பிள்ளைகளிடம் மட்டும் இருக்கும். அதைக் கண்ணில்கூடக் காட்ட மாட்டார்கள். போடியில் இருந்துகொண்டு நீலம் இல்லாமல் எப்படிப் படம் போடுவது? ஜன்னலைத் திறந்தால் மேற்கே மலை. வகுப்பில் எந்தப் பிள்ளையிடம் காகிதத்தைக் கொடுத்தாலும் முதலில் மலையைத்தான் போடும். கரியில் போட்டால் அது எருமை படுத்திருப்பது மாதிரி இருக்கும்.

நாலாம் வகுப்பில் முருகாயி என்று ஒரு பிள்ளை. அவள் அப்பா சன்னாசி, குரங்கணிக்கு மேலே ஒரு தோட்டத்தில் வேலை பார்த்தார். காப்பியும் ஏலமும் கலந்த தோட்டம். மழைக்கு முன்னால் காப்பிச் செடிகளுக்கு மருந்து அடிப்பது அவர் வேலை. முருகாயி படிப்புக்காகப் போடியில் அத்தை வீட்டில் இருந்தாள். தோட்டத்தில் சாமான் தீர்ந்தால் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை ஜீப்பில் இறங்கி வருவார், மூட்டை தூக்குவதற்குச் சன்னாசியும் கூட வருவார். வருகிற அன்று மகளைப் பள்ளிக்கூட வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் போவார். உள்ளே வரச் சொன்னால், “காலெல்லாம் சகதியா இருக்கு டீச்சர்” என்று சொல்லிவிடுவார்.

முருகாயி வந்த புதிதில் ஒருநாள் ஜன்னலருகே நின்று மலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன என்று கேட்டேன்.

“எங்க மலை பச்சைதான டீச்சர். நாங்க அங்கதான இருந்தோம். இங்கிட்டு வந்து பாத்தா நீலமா இருக்கு.”

“தூரத்திலிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும், ஆத்தா.”

“அப்ப எங்க வீடும் நீலமாத்தான் தெரியுமா? எங்கம்மாவும்?”

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து அவளுக்கு நீலம் வேண்டும். கரியில் மலை போடச் சொன்னால் மலையின் ஓரத்தை மட்டும் போட்டுவிட்டு உள்ளே வெறுமனே விட்டுவிடுவாள். நீலம் கிடைத்த பிறகு பூசுவாளாம். வாரம் தவறாமல் அதே படம், அதே வெறும் மலை. நானும் அப்பாவின் கடையிலிருந்து ஒரு பொட்டலம் சலவை நீலம் கொண்டுவர வேண்டும் என்று நினைத்துக்கொள்வேன், சனிக்கிழமை வந்தால் மறந்துவிடுவேன்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை அவளுக்கு நீலம் கிடைத்துவிட்டது.

அன்று கூடத்தின் ஒரு பக்கத்தில் ஒன்றாம் வகுப்பு, மறு பக்கத்தில் நாலாம் வகுப்பு. சின்னதுகளில் ஒன்று இன்னொன்றின் காதில் மஞ்சளை அடைத்துவிட்டதால் நான் அந்தப் பக்கத்தில் இருந்தேன். தூரத்திலிருந்தே முருகாயியின் காகிதத்தில் அந்த நிறத்தைப் பார்த்தேன். அவ்வளவு நல்ல நீலத்தை எங்கள் வகுப்பு அதுவரை கண்டதில்லை. யாரோ ஒரு கடைக்காரப் பிள்ளைக்கு மனசு இளகிச் சலவை நீலத்தில் கொஞ்சம் கொடுத்திருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன். “பலே முருகாயி” என்று அங்கிருந்தே சொன்னேன். அவள் தலையை நிமிர்த்தாமல், குச்சியை வாயில் வைத்து நுனியைச் சேர்த்து, மலையின் ஓரத்தை மெல்ல இழுத்துக்கொண்டிருந்தாள்.

பிள்ளை என்ன வரைகிறது என்று எல்லாரும் கேட்போம். எதைக் கொண்டு வரைகிறது என்பதை முதலில் கேளுங்கள். நான் இத்தனை வருஷம் கழித்துச் சொல்வதை நீங்கள் முதல் நாளிலேயே செய்யலாம்.

மணி அடிப்பதற்குக் கொஞ்சம் முன்னால் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். அடுத்த நிமிஷம் வாந்தி. பக்கத்தில் இருந்த பிள்ளைகள் சிரட்டையும் காகிதமுமாகச் சிதறி ஓடின. நான் போய்த் தூக்குவதற்குள் இரண்டாவது முறை எடுத்துவிட்டுத் தரையில் சுருண்டுவிட்டாள். அந்த வருஷம் சுற்று வட்டாரத்தில் வாந்திபேதி பரவிக்கொண்டிருந்தது. சிலமலைப் பக்கம் சாவு விழுந்ததாகக் காலையில்தான் பேசிக்கொண்டிருந்தோம். அதனால் மற்ற ஆசிரியர்கள் வாசலோடு நின்றுவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், எல்லாருக்கும் வீட்டில் பிள்ளைகள் இருந்தன.

ஹெட்மாஸ்டர் வேட்டி நுனியை மூக்கில் வைத்துக்கொண்டு வந்தார். “அத்தை வீட்டுக்கு அனுப்பிருங்க டீச்சர், வெரசா. மத்த பிள்ளைகளுக்குத் தொத்திரப் போகுது.”

அனுப்பத்தான் எழுந்தேன். அப்போது காலில் அவளுடைய சிரட்டை இடறியது. சிரட்டையின் விளிம்பில், தண்ணீர் காய்ந்த இடத்தில், கற்கண்டு மாதிரி நீலமாகப் பூத்திருந்தது. சலவை நீலம் அப்படிப் பூக்காது. சேறாக அடியில் தங்கும். பூக்கிற நீலத்தை நான் சின்ன வயதிலேயே பார்த்திருக்கிறேன். எங்கள் கடையில் அப்பா மேல் தட்டில், பிள்ளைகள் கைக்கு எட்டாத உயரத்தில், ஒரு டப்பாவில் வைத்திருப்பார். மாட்டுப் புண்ணுக்கும் தோல் படைக்கும் வாங்கிப் போவார்கள், தோட்டங்களில் காப்பிச் செடிக்கு அடிக்கிற மருந்திலும் கலப்பார்கள், வயிற்றுக்குள் போனால் விஷம். மயில்துத்தம். தரையில் கிடந்த வாந்தியை அப்புறம்தான் சரியாகப் பார்த்தேன். அதிலும் நீலம் கலந்திருந்தது.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன். அன்று ஒரு நல்ல காரியம் செய்தேன். சிரட்டையை விட்டுவிட்டுப் போகாமல் கையில் எடுத்துக்கொண்டேன். குதிரை வண்டியில் ஒரு கையில் பிள்ளை, இன்னொரு கையில் சிரட்டை. வண்டிக்காரர் திரும்பித் திரும்பிப் பார்த்தார், பைத்தியம் என்று நினைத்திருப்பார்.

“ஏது ஆத்தா இந்த நீலம்?”

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“சொன்னாத்தான் வயித்து வலி போகும். டீச்சர்கிட்டச் சொல்லு.”

“எங்கப்பா குடுத்தாரு. யார்ட்டயும் சொல்லக்கூடாதுன்னாரு.”

“வாயில வச்சியா?”

“கட்டிய வாயில வைக்கல டீச்சர்.” அவளுக்கு மூச்சு வாங்கியது. “வாயில மட்டும் வச்சிராதன்னு அப்பா சொன்னாரு. நான் வைக்கல. குச்சியத்தான் வச்சேன்.”

அப்பா சொன்னதையும் கேட்டிருக்கிறாள், பள்ளியில் பழகியதையும் செய்திருக்கிறாள். இரண்டையும் ஒழுங்காகச் செய்த பிள்ளை என் மடியில் நீலமாக வாந்தி எடுத்துக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியிலும் முதலில் வாந்திபேதி என்றுதான் எண்ணினார்கள். வெளியே அதற்கென்று கொட்டகை போட்டிருந்தார்கள், நோயாளிகள் வரிசையாகக் கிடந்தார்கள். கம்பவுண்டர் பிள்ளையை அங்கே கொண்டுபோகக் கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. டாக்டர் வந்து, “என்ன சாப்பிட்டாள்?” என்று கேட்டார்.

அந்த நேரம் பார்த்து சன்னாசி ஓடிவந்தார். அன்று சாமான் வாங்குகிற நாள். ஹெட்மாஸ்டர் கடைத்தெருவுக்கு ஆள் அனுப்பியிருக்கிறார். சன்னாசி மகளைப் பார்த்தார், என் கையிலிருந்த சிரட்டையைப் பார்த்தார். முகம் செத்துவிட்டது. டாக்டரிடம் சொல்ல வாயைத் திறந்தார். சத்தியமாகத் திறந்தார், நான் பார்த்தேன். அதற்குள் பின்னாலேயே கணக்கப்பிள்ளை வந்து வாசலில் நின்றார். சன்னாசியின் வாய் மூடிக்கொண்டது.

தோட்டத்து வழக்கம் எனக்குத் தெரியும், போடியில் யாருக்குத்தான் தெரியாது? மருந்து பூட்டிவைக்கிற கிட்டங்கியிலிருந்து ஒரு குன்றிமணி அளவு வெளியே போனாலும், எடுத்தவன் அன்றைக்கே சட்டிபானையோடு லயத்தை விட்டு இறங்க வேண்டும். லயம் என்பது தோட்டத்தில் கூலிக்காரர்களுக்குக் கொடுக்கிற வரிசை வீடு. வேலை போனால் வீடும் போகும். சன்னாசியின் மனைவி அப்போது கைப்பிள்ளைக்காரி.

நான் டாக்டரிடம் சொன்னேன்: “மயில்துத்தம், சார். கரைத்துப் படம் போட்டிருக்கிறாள். குச்சியை வாயில் வைத்து வைத்து எடுத்திருக்கிறாள்.” சிரட்டையை நீட்டினேன். அவர் விளிம்பை ஒருமுறை பார்த்தார், அவ்வளவுதான். பிள்ளையை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போனார். பாலும் முட்டையும் கொண்டுவா, வயிற்றைக் கழுவ வேண்டும் என்று அவர் சத்தம் போடுவது கேட்டது.

வாசலில் நாங்கள் மூன்று பேர். கணக்கப்பிள்ளை துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்: “பள்ளிக்கூடத்துக்குத் துத்தம் எப்பிடி வந்துச்சு டீச்சரம்மா?”

அவர் கெட்ட மனிதர் இல்லை. கேட்க வேண்டியதைக் கேட்டார். சன்னாசி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய கைவிரல் இடுக்குகளில் நீலம் ஏறியிருந்தது. மருந்து அடிக்கிறவர்களுக்கு அது போகவே போகாது.

“எங்க கடையிலேர்ந்து நான்தான் கொண்டாந்தேன்,” என்றேன். “பிள்ளைகளுக்கு நீலம் இல்லையேன்னு கொண்டாந்து குடுத்தேன். இப்பிடி ஆகும்னு நினைக்கல.”

நன்றாக இருந்தது அந்தப் பொய். எங்கள் கடையில் துத்தம் இருப்பது ஊருக்கே தெரியும். கணக்கப்பிள்ளை, “படிச்சவங்க செய்யிற காரியமா இது” என்று சொல்லிவிட்டு வெற்றிலை போட வெளியே போனார். சன்னாசி என் காலடியில் உட்கார்ந்துவிட்டார். “எந்திரிங்கண்ணே” என்றேன். அவர் எழுந்திருக்கவில்லை. “வீடு நீலமாத் தெரியுதுன்னு அழுதா டீச்சர். ஒரு சில்லுதான் குடுத்தேன்” என்று மட்டும் சொன்னார்.

முருகாயி பிழைத்தாள். இதை முன்பே சொல்லியிருக்கலாம். நீங்கள் பயந்துகொண்டு படித்திருப்பீர்கள். ஆனால் அன்று நானும் அவள் அப்பாவும் அப்படித்தான் பயந்தோம், அதில் கொஞ்சம் உங்களுக்கும் இருக்கட்டும். விடிந்தபோது வாந்தி நின்றிருந்தது. டாக்டர், “வாந்தி எடுத்ததுதான் இவளைக் காப்பாற்றியது. நீங்கள் அந்தச் சிரட்டையைக் கொண்டுவரவில்லை என்றால் இவளைக் கொட்டகையில் போட்டிருப்பேன்” என்றார். கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அன்று அந்த இடத்திலேயே இந்தக் கதை முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

காலையில் எல்லாரும் பார்க்க வந்தார்கள். சன்னாசி கட்டிலருகே தரையில் உட்கார்ந்திருந்தார். கணக்கப்பிள்ளை மலைக்குத் திரும்புவதற்கு முன்னால் பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று துண்டில் நாலைந்து ஆரஞ்சுப் பழங்களைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். ஹெட்மாஸ்டரும் வந்தார். இரவெல்லாம் அவர் தூங்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. நிர்வாகத்துக்கு என்ன பதில் சொல்வது என்கிற கவலை அவருக்கு. பிள்ளை கண்ணை மூடிக் கிடந்ததால் தூங்குகிறது என்று நினைத்து என் மேல் பாய்ந்தார்.

“டீச்சருன்னு வச்சிருக்கோமா, எமன்னு வச்சிருக்கோமா? பச்சப்பிள்ளை கையில விஷத்தக் குடுத்திருக்கீங்க. நீங்களே கடையிலேர்ந்து கொண்டாந்து குடுத்ததா ஒத்துக்கிட்டீங்களாமே?”

“ஆமாம் சார்.”

“இனி உங்களுக்கு எங்க பள்ளிக்கூடத்துல சோலியில்ல. எழுதிக் குடுத்துட்டுப் போயிருங்க.”

“சரி சார்.”

கட்டிலில் அசைவு தெரிந்தது. முருகாயி கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். குழாய் விட்டு வயிற்றைக் கழுவியதால் தொண்டை புண்ணாகிக் குரலே இல்லை. ஆனாலும் முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள்.

“டீச்சரை வையாதீங்க சார். டீச்சர் குடுக்கல.”

“படுத்துக்கோ ஆத்தா, பேசாத” என்று நான் ஓடினேன். அவள் என் கையைத் தள்ளிவிட்டாள்.

“எங்கப்பாதான் குடுத்தாரு. மருந்துக் கிட்டங்கியிலேர்ந்து எடுத்துட்டு வந்து குடுத்தாரு. நான்தான் நீலம் வேணும்னு அழுதேன். டீச்சருக்கு ஒண்ணுமே தெரியாது.”

பிள்ளை எங்கள் எல்லாருடைய முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். உண்மையைச் சொல்லிவிட்டோம், இனி டீச்சரைத் திட்ட மாட்டார்கள் என்கிற நிம்மதி அவள் முகத்தில் இருந்தது. சன்னாசி மகளின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தார்.

கணக்கப்பிள்ளை ஆரஞ்சு மூட்டையைக் கட்டிலில் வைத்தார். நான் அவரை வெளியே கூட்டிப்போய்க் கெஞ்சினேன். அவர் தலையை ஆட்டினார்.

“கேக்கலைன்னு நெனச்சுக்கிட்டுப் போயிர எனக்கும் ஆசைதான் டீச்சரம்மா. ஹெட்மாஸ்டர் கேட்டுட்டாரு, கம்பவுண்டர் கேட்டுட்டாரு. நாளைக்கி வேற ஆள் வழியாத் தோட்டத்துத் தொரை காதுக்குப் போனா, சன்னாசி சீட்டோட எஞ் சீட்டும் சேந்து கிழியும். எனக்கும் மூணு பொம்பளப் பிள்ளைக.”

என் அப்பாவை அவரிடம் தூது அனுப்பினேன். அப்பா போனார், பேசினார், வெறுங்கையோடு திரும்பினார். ஹெட்மாஸ்டர் என்னிடம் மன்னிப்புக் கேட்காத குறையாக, “நீங்க ஏன் அப்பிடிச் சொன்னீங்க டீச்சர்?” என்று கேட்டார். என் வேலை தப்பியது. ஓய்வு பெறுகிற வரைக்கும் அதே பள்ளியில்தான் இருந்தேன். ஒவ்வொரு மாதமும் சம்பளம் வாங்கும்போது, இது முருகாயி வாங்கிக் கொடுத்த சம்பளம் என்று தோன்றும்.

எங்கே பிசகியது என்று பல வருஷம் யோசித்திருக்கிறேன். பொய் சொன்னது தப்பு என்று எனக்கு இன்றும் தோன்றவில்லை. அதே வாசலில் அதே கேள்வியைக் கேட்டால் அதே பதிலைத்தான் சொல்வேன். ஆனால் விடிந்ததும் முதல் வேலையாக அவள் காதில் போய், “அப்பாவைக் காப்பாத்த டீச்சர் இப்பிடிச் சொல்லியிருக்கேன், நீ பேசாம இரு ஆத்தா” என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். எனக்குத் தோன்றவே இல்லை. பெரியவர்களுக்குள் முடித்துவிட்டோம், பிள்ளைக்கு இதில் என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டேன். ஒரு பிள்ளைக்காக ஏதாவது செய்தால் அந்தப் பிள்ளைக்குத் தெரியாமல் செய்யாதீர்கள். பிள்ளையும் உங்களுக்காக ஏதாவது செய்யக் காத்துக்கொண்டிருக்கும்.

சில நாள் கழித்துச் சன்னாசி பள்ளிக்கூடத்துக்கு வந்தார். முதல் தடவையாக வேலியைத் தாண்டி உள்ளே வந்தார். காலில் சகதி இல்லை. வெளியே அவர் மனைவி கைப்பிள்ளையோடு நின்றாள், பக்கத்தில் மூட்டைகளும் சட்டிபானையும். ராசிங்காபுரத்தில் உறவுக்காரர் வீட்டுத் தொழுவத்தில் இடம் கிடைத்திருக்கிறதாம். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் காட்டு வேலைக்குப் போக வேண்டும், கைப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள முருகாயி வேண்டும். அதனால் பள்ளிக்கூடத்திலிருந்து பெயரை எடுத்துவிட வந்திருந்தார்.

“கொஞ்ச நாள் கழிச்சாவது அனுப்புங்கண்ணே. பிள்ளை நல்லாப் படிக்கும். படம் அவ்வளவு அழகாப் போடும்.”

“பாப்பம் டீச்சர்” என்றார். அந்த ‘பாப்ப’த்துக்கு என்ன அர்த்தம் என்று நம் ஊரில் எல்லாருக்கும் தெரியும். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். “ஒரு உதவி பண்ணுங்க. இவ ஆத்தாளுக்கு மலைக் குளுரு ஒத்துக்கல, அதான் கீழ எறங்குறோம்னு இவகிட்டச் சொல்லியிருக்கேன். இவ வாயாலதான் சோலி போச்சுன்னு தெரிஞ்சா பிள்ளை மனசு விட்டுரும். நீங்களும் அப்பிடியே சொல்லிருங்க.”

சரி என்றேன். வேறென்ன சொல்ல முடியும்?

முருகாயி கூடத்துக்குள் வந்தாள். மெலிந்திருந்தாள். அவள் படத்தை எடுத்து வைத்திருந்தேன். மலையில் பூசிய நீலம் காய்ந்து வெளுத்து, தொட்டால் பொடியாக உதிர்ந்தது. மலையின் மேல் ஒரு சின்ன வீடு. வீட்டுக்குப் பக்கத்தில், வீட்டைவிட உயரமாக, முதுகில் மருந்து டப்பாவோடு அவள் அப்பா. நாலாம் வகுப்பிலும் அவள் அப்பாவைச் சின்னதாக்கவில்லை. படத்தைக் கொடுத்தேன், அவள் வாங்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“டீச்சர்.”

“என்ன ஆத்தா?”

“நான் அன்னைக்கிச் சொன்னதாலதான் எங்கப்பாவுக்குச் சோலி போச்சா?”

ஜன்னலுக்கு வெளியே சன்னாசி நின்றுகொண்டிருந்தார். நான் அவளுடைய கண்ணைப் பார்த்தே சொன்னேன், குரல்கூட நடுங்கவில்லை.

“இல்லை ஆத்தா. உங்க அம்மாவுக்குக் குளிர் ஒத்துக்கலை. அதனாலதான்.”

அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஆஸ்பத்திரியில் நான் “ஆமாம் சார்” என்று சொன்னபோதும் குரல் இப்படித்தான் நடுங்காமல் இருந்தது. அதைப் படுக்கையில் இருந்தபடியே கேட்டவள் அவள். டீச்சர் பொய் சொல்லும்போது குரல் எப்படி இருக்கும் என்று அந்தப் பள்ளிக்கூடத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

“சரி டீச்சர்” என்று சொல்லிவிட்டு வெளியே போய், அம்மாவின் இடுப்பிலிருந்த கைப்பிள்ளையை வாங்கிக்கொண்டாள்.